அம்மாவின் இயந்திரங்கள்: தங்கவயல் அன்றும் இன்றும்

1902 ஜூன் 30 அன்று, சிவனசமுத்திரத்தில் காவிரி அருவியாக விழும் இடத்தில் எடுத்த மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாக ஓடிவந்து கோலார் தங்கவயலைச் சேர்ந்தது. அந்நாளில் உலகின் மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. மைசூர் சமஸ்தானத்தின் திவான் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் போட்ட திட்டம் அது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரியத் தொடங்கியது 1905 ஆகஸ்டில்தான். பெங்களூருக்கும் முன்னால் கரண்ட் பார்த்த ஊர் எங்கள் ஊர் என்று தங்கவயல்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கேட்டும் சொல்லியும் வளர்ந்தவள் நான்.

அந்த மின்சாரம் வந்தது சுரங்கத்துக்கு. ஆளைக் கீழே இறக்க, கல்லை மேலே ஏற்ற, ஊறும் நீரை இறைத்துக் கொட்ட, பாறையை நொறுக்கித் தூளாக்க. அதே ஊரில், அதே சுரங்கத்தில் உழைத்தவர்களின் வீடுகளில் பெண்கள் கல்லில்தான் மாவரைத்தார்கள். பாறையை அரைக்க வந்த மின்சாரம் என் அம்மாவின் கையில் ஒரு பிடி உளுந்தை அரைத்துக் கொடுக்க ஏறத்தாழ 80 ஆண்டு ஆனது. அந்த 80 ஆண்டையும் அதற்குப் பிந்தைய 40 ஆண்டையும் அம்மா வீட்டுக்கு வந்துசேர்ந்த சாமான்களைக் கொண்டே சொல்லிவிடலாம். சுரங்க ஊரில் எந்தப் பொருளும் தானாக வீட்டுக்குள் வந்ததில்லை. ஒன்று போனஸில் வந்தது, ஒன்று கடனில் வந்தது, ஒன்று சுரங்கம் மூடிய பிறகு கையில் கொடுத்த பணத்தில் வந்தது, ஒன்று பெங்களூர் ரயிலில் போய்வந்த பிள்ளைகளின் சம்பளத்தில் வந்தது.

ஒரு பல்பும் ஒரு கல்லும்

என் பாட்டி குடியிருந்தது தட்டி வீடு. மூங்கிலைப் பிளந்து பின்னிய தட்டிதான் சுவர். விளக்கு என்றால் மண்ணெண்ணெய்ச் சிம்னி. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள் அப்படித்தான் இங்கே குடியேறின. அம்மா கல்யாணமாகித் தங்கவயலின் மாரிக்குப்பத்துக்கு வந்தபோது, எழுபதுகளின் தொடக்கத்தில், காலம் கொஞ்சம் மாறியிருந்தது. சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் கைக்கு வந்து, 1962-இல் மத்திய அரசுக்குப் போய், 1972-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற நிறுவனமாயின. லைன் வீடுகளுக்குச் சுவர் வந்திருந்தது. லைன் என்றால் ஒரே கூரையின்கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் நான்காவது வீட்டில் கேட்கும். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, ஒரு பல்பு. எங்கள் லைனில் மீட்டர் கிடையாது. கரண்ட் சுரங்கக் கம்பெனியுடையது.

அறையில் பல்பு எரிந்தது, வேலையெல்லாம் கையால் நடந்தது. ஆட்டுக்கல் வாசலுக்கு வெளியே, நாலு வீட்டுக்குப் பொது. சாயங்காலம் முறை வைத்து ஆட்டுவார்கள். சுரங்கத்தில் அப்பாவுக்குக் காலை ஷிஃப்டு என்றால் விடியுமுன் சங்கு ஊதும். அதற்குள் அவருக்குச் சோறு கட்டியாக வேண்டும். அம்மியில் துவையல் அரைக்கும் சத்தம் இருட்டிலேயே லைன் முழுக்கக் கேட்கும். விறகு அடுப்பு, மரத்தூள் அடுப்பு, அப்புறம் பம்ப் ஸ்டவ். மரத்தூள் அடுப்பில் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கி அடைத்து, பாட்டிலை மெல்ல உருவி எடுக்க வேண்டும். கை கொஞ்சம் பிசகினால் தூள் சரிந்து புகையும். அந்தக் கைப்பழக்கம் அம்மாவுக்கு இன்றும் இருக்கிறது.

பிறகு சுருள் கம்பி ஹீட்டர் வந்தது. மண் தட்டில் பள்ளம் வெட்டி, அதில் கம்பிச் சுருளைப் பதித்த ஹீட்டர். கரண்டுக்குக் காசில்லை என்பதால் எங்கள் லைனில் அது சீக்கிரம் பரவியது. கம்பி அறுந்தால் இரண்டு முனையையும் இழுத்து முறுக்கி மறுபடி மாட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் சுருள் குட்டையாகும், சூடு கூடும், பிறகு இன்னும் சீக்கிரம் அறுந்துபோகும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஹீட்டர் போட்டால் பல்புகள் மங்கிச் சிவக்கும். அம்மா முதன்முதலில் கையாண்ட மின்சாமான் அதுதான். ஈரக் கையோடு தொடக் கூடாது, ரப்பர்ச் செருப்பு போட்டுக்கொண்டுதான் பாத்திரம் இறக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருவருக்கு ஷாக் அடித்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு எங்கள் காலடியில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிவியலாளர்களோடு சேர்ந்து, காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டார்கள். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். ஆள் உயிரோடு வேலை செய்ய, காற்றைக் குளிர்வித்துக் கீழே அனுப்பும் பெரிய இயந்திரங்கள் இருந்தன. குளிரூட்டும் இயந்திரம் என்ன செய்யும் என்பது அப்பாவின் உடம்புக்குத் தெரியும். அம்மா ஒரு பிரிட்ஜின் கதவைத் திறந்து பார்க்க இன்னும் முப்பது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அறிவும் இயந்திரமும் இந்த ஊருக்கு வராமல் இல்லை. அவை சமையல் மூலைக்குத்தான் கடைசியாக வந்தன.

ரேடியோவும் மௌனமும்

வீட்டுக்குப் பொழுதுபோக்கு என்று முதலில் வந்தது வால்வு ரேடியோ. ஒரு வருஷத்துப் போனஸில் அப்பா வாங்கினார். அப்போது ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஆண்டுதோறும் தபாலாபீசில் கட்டணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்கிவர வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அந்த ஏற்பாடு ஒழிந்தது. அப்பா அந்த லைசென்ஸ் புத்தகத்தை ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்.

ரேடியோவுக்கு அலமாரியில் இடம் ஒதுக்கும்போது, பலகையின் முன்விளிம்பில் ஒரு மரச்சட்டத்தை ஆணியடித்தார். ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும். ஏர்பிளாஸ்ட் என்று எங்கள் ஊரில் சொல்வோம். பரணில் இருக்கும் பாத்திரம் உருண்டு விழும். ரேடியோ விழக் கூடாது என்றுதான் அந்தச் சட்டம். குலுங்கியவுடன் ஆண்கள் சாமானைப் பார்ப்பார்கள்; பெண்கள் வாசலுக்கு ஓடி, இப்போது யார் யார் வீட்டில் எந்த ஷிஃப்டு என்று பார்ப்பார்கள். அப்பா கீழே இருக்கும்போது குலுங்கினால், அவர் திரும்பி வரும்வரை அம்மா ரேடியோவைத் தொடமாட்டார்.

இலங்கை வானொலிதான் எங்கள் லைனின் வானொலி. 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே அரிசி புடைப்பார்கள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களை அம்மா உறவினர் குரல்போல அடையாளம் சொல்வார். ரேடியோ ஒரு வீட்டில் இருந்தது, கேட்டது ஏழெட்டு வீடு. ஒலியைக் கூட்டி வைப்பது ஆடம்பரம் என்று யாரும் நினைக்கவில்லை. லைனுக்குச் செய்யும் மரியாதை அது.

அப்பாவுக்கு இரவு ஷிஃப்டு வந்துவிட்டால் கதை மாறும். காலையில் வந்து படுத்தால் பகல் முழுக்கத் தூங்க வேண்டும். வீடோ ஒரே அறை. அந்த வாரம் ரேடியோ பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். குழந்தைகள் வெளியே. பாத்திரம் கழுவுவதும் வெளியே. சுரங்கத்தொழிலாளியின் மனைவி வீட்டுவேலையோடு மௌனத்தையும் சேர்த்துப் பராமரித்தாள். பிற்பாடு மிக்ஸி வந்தபோதும் இதே சட்டம்தான். இரவு ஷிஃப்டு வாரத்தில் அதை எடுத்துப்போய்ச் சத்தம் தொந்தரவில்லாத வீட்டில் அரைத்துக்கொண்டு வருவார். இயந்திரம் எப்போது ஓட வேண்டும் என்பதைச் சுவிட்சு தீர்மானிக்கவில்லை, சங்கு தீர்மானித்தது.

மிச்சமான நேரம் எங்கே போனது?

இந்தியச் சமையலுக்கு என்றே வடிவமைத்த மிக்ஸியை எஸ்.பி. மாத்தூர் 'சுமீத்' என்ற பெயரில் அறுபதுகளில் கொண்டுவந்தார். மஞ்சளையும் மிளகாயையும் கல்லுபோன்ற கொப்பரையையும் அரைக்க வெளிநாட்டு மிக்ஸியின் மோட்டாரால் முடியவில்லை என்பதுதான் அதன் பிறப்புக் காரணம். கோயம்புத்தூரில் ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்த வெட் கிரைண்டர் அதற்கும் முன்பே, ஐம்பதுகளில் உருவாகியிருந்தது. எங்கள் வீட்டுக்கு மிக்ஸி எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது, தவணையில். கிரைண்டர் இன்னும் பல ஆண்டு கழித்து.

முதல் நாள் அம்மா மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். ஒரு வாரத்தில் பயம் போனது. ஒரு மாதத்தில் அம்மி சுவரோரம் சாய்ந்தது. அம்மியில் அரைத்த ருசி வராது என்று அப்பா ஒருமுறை சொன்னார். அம்மா சட்டென்று பதில் சொன்னார்: "ருசி வேணும்னா நீ குந்திகினு அரைய்யா. எனக்கு இடுப்பு ஒண்ணுதான் இருக்குது." அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. பழைய கல்லைப் பற்றி உருகி எழுதுபவர்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பதில் நினைவுக்கு வரும். அந்தக் கல்லை ஆட்டியவர்களில் ஒருவரும் அது திரும்பி வர வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் மிச்சமான நேரம் அம்மாவுக்கு ஓய்வாகக் கிடைத்ததா? அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் ஒரு நூல் எழுதினார். வீட்டு இயந்திரங்கள் பெருகியும் இல்லத்தரசியின் வேலைநேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை, வேலையின் அளவும் எதிர்பார்ப்பும் கூடிக்கொண்டே போயின என்பது அதன் வாதம். எங்கள் வீட்டில் அது அப்படியே நடந்தது. அம்மி இருந்தவரை வாரத்தில் ஓரிரு நாள் இட்லி. மிக்ஸியும் கிரைண்டரும் வந்த பிறகு தினமும் டிபன், தினமும் ஒரு சட்னி, விருந்தாளி வந்தால் இரண்டு. 2019-இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். சுவிட்சைப் போடும் கை யாருடையது என்ற கேள்விக்கு எந்த இயந்திரமும் பதில் சொல்வதில்லை.

கரண்ட் தேவைப்படாத ஓர் இயந்திரமும் எங்கள் வீட்டில் இருந்தது: காலால் மிதிக்கும் தையல் மெஷின். மிக்ஸி மிச்சப்படுத்திய நேரத்தை அம்மா அதில் போட்டார். லைன் பெண்களுக்கு ரவிக்கை, பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் யூனிஃபார்ம், கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் முன்னால் கவுன், பாவாடை. வீட்டுச் சாமான்கள் எல்லாம் செலவு வைத்தன. காசு கொண்டுவந்தது அது ஒன்றுதான். பிற்பாடு அந்த மெஷின்தான் எங்களைக் காப்பாற்றியது.

படம் வந்தது, கழிவறை வரவில்லை

1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டோடு கலர் டி.வி. நாட்டுக்குள் வந்தது. எங்கள் லைனில் அப்போது கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. 1987 ஜனவரியில் 'ராமாயண்' தொடங்கியபோது, ஞாயிறு காலையில் அந்த ஒரு பெட்டிக்கு முன்னால் லைனே உட்கார்ந்தது. இந்தி யாருக்கும் தெரியாது. கதை தெரியும் என்பதால் போதுமாக இருந்தது. தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் வீடியோ டெக் வாடகைக்கு எடுப்பார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று காசு போட்டு, ஒரே ராத்திரியில் மூன்று படம். விடியற்காலை மூன்றாவது படம் ஓடும்போது பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள். அம்மா மட்டும் கடைசிவரை பார்ப்பார். "காசு குட்த்தாச்சு, தூங்கினா யாரு திருப்பித் தருவா?" என்பார்.

1993-இல் சன் டி.வி. தொடங்கியது, கேபிள் எங்கள் தெருவுக்கு வந்தது, தமிழ் வீட்டுக்குள் கேட்டது. எங்கள் வீட்டுக்குக் கலர்ப் பெட்டி வந்ததும் அந்த ஆண்டுகளில்தான்.

அதே வீட்டுக்குள் கழிவறை இல்லை. தொண்ணூறுகளின் முற்பகுதி வரை தங்கவயலில் உலர் கழிவறைகள் இருந்தன. மனிதர் கையால் அள்ளிச் சுமந்தார்கள். அப்படி அள்ளிய குடும்பம் ஒன்றில் இதே ஊரில் 1966-இல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். அந்தக் கொடுமையை ஒழிக்கச் சொந்த ஊரிலிருந்து அவர் தொடங்கிய போராட்டம் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் இயக்கமாக நாடு முழுவதும் வளர்ந்தது. 2016-இல் மகசேசே விருது பெற்றார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-இல்தான் வந்தது. செயற்கைக்கோள் வழியே படம் வந்த அதே ஆண்டில், இருட்டும்வரை காத்திருந்து வெளியே போன பெண்கள் எங்கள் லைனில் இருந்தார்கள். டி.வி.யைக் கடையில் வாங்கலாம். சாக்கடையை வாங்க முடியாது. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது புரியவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லவந்தது அதைத்தான்.

மூடிய பிறகு

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுத்த சுரங்கம். கடைசியில் வேலையில் இருந்தவர்கள் 3,000-க்கும் மேற்பட்டவர்கள். வழக்குகளும் காத்திருப்பும் ஆண்டுக்கணக்கில் நீண்டன.

வீட்டுச் சாமான்கள் வந்த வழியே திரும்பிப் போனதை நான் பார்த்தேன். முதலில் பித்தளை அண்டாவும் குடங்களும் அடகுக் கடைக்குப் போயின. அப்புறம் கிரைண்டர். அப்புறம் டி.வி. எங்கள் லைனில் கேபிள் ஒவ்வொரு வீடாக அறுந்தது. மறுபடியும் ஒரு பெட்டி, ஏழெட்டு வீடு என்று ஆனது. முன்பு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தது ஆசையால். இப்போது உட்கார்ந்தது இல்லாமையால். மிக்ஸியை மட்டும் அம்மா விற்க விடவில்லை. தையல் மெஷினை யாரும் கேட்கத் துணியவில்லை. பகலில் ரவிக்கை, இரவில் பெங்களூர்க் கடை ஒன்றுக்குத் துணிப்பை என்று அதை மிதித்துத்தான் என் தம்பியின் படிப்பு முடிந்தது.

சிறப்புப் பணிமுடிப்புத் தொகை என்று தொழிலாளிகளுக்கு ஒரு பணம் வந்தபோது, பெரும்பகுதி கடனுக்கும் கல்யாணத்துக்கும் போனது. மிஞ்சியதில் அப்பா ஒரு பிரிட்ஜ் வாங்கினார். சுரங்கத்தின் கடைசிக் காசில் வந்த சாமான் அது. முதல் வாரம் அதில் தண்ணீர் பாட்டில் மட்டுமே இருந்தது, வேறெதுவும் வைக்கத் தோன்றவில்லை. சில மாதத்தில் அம்மா கணக்கைக் கண்டுகொண்டார்: வாரத்துக்கு ஒருமுறை மாவரைத்து வைத்தால், மற்ற நாளெல்லாம் தையலுக்கு. பிரிட்ஜின் பயன் குளிர்ந்த நீரில் இல்லை, இந்தக் கணக்கில் இருக்கிறது என்பார்.

கம்பெனி போனதும் மீட்டர் வந்தது. கரண்டுக்குப் பில் கட்டுவது எங்கள் தெருவுக்குப் புதுப் பழக்கம். ஹீட்டர் அட்டத்தில் ஏறியது. கேஸ் சிலிண்டரை மாதக்கணக்கில் இழுத்துப்பிடித்துச் செலவழித்தார்கள். ஒரு காலத்தில் கேஸ் இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள், இணைப்பு சுலபமாகக் கிடைத்தபோது நிரப்பக் காசில்லாமல் காத்திருந்தார்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம்

தங்கவயலிலிருந்து தமிழ்நாட்டு எல்லை தூரமில்லை. குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் கிருஷ்ணகிரியிலும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. 2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு தமிழ்நாட்டில் இலவசக் கலர் டி.வி. கொடுத்தது. 2011-இல் வந்த அ.தி.மு.க. அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ஆம்பூரில் இருக்கும் சித்தி வீட்டில் புதுக் கிரைண்டரைப் பார்த்துவிட்டு வந்த அம்மா, பஸ்ஸில் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பொறாமையின் சாயல்கூட இல்லாமல், "அவளுக்குக் கெடச்சது நல்லது. அவளும் கல்லு ஆட்டினவதான்" என்றார். அங்கே அந்தப் பெண்களுக்கு ஒரு கையெழுத்தில் கிடைத்த சாமானை, இங்கே பெண்கள் தவணை கட்டி வாங்கினார்கள். அந்தத் திட்டங்களை வெறும் ஓட்டுக் கணக்கு என்று பேசுகிறவர்களோடு என்னால் உடன்பட முடியாது. ஒரு பெண்ணின் இடுப்புக்கும் தோளுக்கும் அரசு கொடுத்த மதிப்பு அது.

டி.வி.யிலும் எல்லை உண்டு. காவிரித் தண்ணீர்ச் சண்டை மூளும்போது கர்நாடகத்தில் கேபிளில் தமிழ் சேனல்கள் நிறுத்தப்படும். 2016 செப்டம்பரிலும் அப்படி நடந்தது. அம்மாவின் தொடர் பாதியில் நின்றது. எங்கள் ஊருக்கு முதல் மின்சாரம் தந்த அதே ஆற்றின் பெயரால் திரை இருண்டது. கூரையில் டிஷ் மாட்டிய வீடுகளில் மட்டும் தமிழ் கேட்டது. அடுத்த மாதமே தம்பி டிஷ் மாட்டினான்.

இன்று

இப்போது எங்கள் தெருவில் விடியுமுன் எழுப்புவது சங்கு இல்லை, செல்போன் அலாரம். மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் பெங்களூருக்குப் போகும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் தினமும் வேலைக்குப் போய்வருகிறார்கள். விடிகாலை நான்கு மணிக்கு லைன் முழுக்க மிக்ஸிச் சத்தம். அப்பாவின் ஷிஃப்டுக்காக அரைத்த அம்மா, தம்பிக்காகவும் அவன் மனைவிக்காகவும் அரைக்கிறார். தம்பி மனைவியும் ரயிலில் போகிறாள். அவள் திரும்பி வந்து செய்ய வேண்டிய வேலையில் பாதியை அம்மா பகலில் முடித்துவைக்கிறார்.

வீட்டில் இல்லாத சாமான் இல்லை. மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ், கேஸ், பெரிய திரை டி.வி. அம்மா கையில் செல்போன். எழுத்துக்கூட்டித் தேட வராது என்பதால் பேசித் தேடுவார். பழைய இலங்கை வானொலிப் பதிவுகளை யூடியூபில் கண்டுபிடித்துக் காதருகில் வைத்துக் கேட்கிறார். இப்போது லைனுக்காக ஒலியைக் கூட்டி வைக்கத் தேவையில்லை. எல்லோர் கையிலும் ஒன்று இருக்கிறது. 2023-இல் கர்நாடக அரசு கிருஹ ஜோதித் திட்டத்தைத் தொடங்கியபின், மாதம் 200 யூனிட் வரை வீட்டு மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. கிருஹ லட்சுமித் திட்டத்தில் குடும்பத்தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய். கம்பெனி கரண்டைக் காசில்லாமல் பார்த்த அம்மா, பில்லுக்குப் பயந்து வாழ்ந்த காலத்தைக் கடந்து, மறுபடியும் பயமில்லாமல் விசிறியைப் போடுகிறார். அந்த 2,000 ரூபாயைச் சேர்த்துவைத்து அவரே, தன் பெயரில், கடைக்குப் போய் ஒரு வாஷிங் மெஷின் வாங்கினார். யாருடைய போனஸும் இல்லை, யாருடைய செட்டில்மென்டும் இல்லை. அம்மா தன் கணக்கிலிருந்து வாங்கிய முதல் இயந்திரம்.

அந்த மெஷின் ஓடுவது குழாயில் தண்ணீர் வரும் நாளில் மட்டும். சில நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. வரும் நேரம் நிச்சயமில்லை. வந்தால் முதலில் குடிக்க, பிறகு சமைக்க, பிறகு டிரம்களில். மிஞ்சினால்தான் துணிக்கு. மெஷின் வெளியேற்றும் அழுக்கு நீருக்கு ஒழுங்கான சாக்கடை இல்லை. குழாயை வாசலுக்கு நீட்டிப் பக்கெட்டில் பிடித்து ஊற்றுகிறார். மற்ற நாளில் பழையபடி துவைக்கும் கல். காற்றடிக்கும் மாதங்களில் சைனைடு டம்ப் என்னும் சுரங்கக் கழிவு மேட்டிலிருந்து தூசி கிளம்பும். 3 கோடி டன்னுக்கும் அதிகமான கழிவு மண் மலைமலையாக நிற்கிறது. காயப்போட்ட துணியில் அந்த வெள்ளைத் தூள் படிந்தால் இரண்டாம் முறை அலச வேண்டும். அதற்கும் தண்ணீர் வேண்டும்.

மெஷினுக்குத் தனிக் குழாயும் வடிகாலும் வைத்து, பின்பக்கம் ஒரு சிறிய அறை கட்டிவிடலாம் என்று தம்பி கணக்குப் போட்டான். அங்கேதான் பெரிய கேள்வி வந்து நிற்கிறது. இந்த வீடு யாருடையது? கம்பெனி வீடுகளுக்கு உரிமைப் பத்திரம் கேட்டு முன்னாள் தொழிலாளிகளின் குடும்பங்கள் சுரங்கம் மூடிய நாளிலிருந்து பேசிக்கொண்டிருக்கின்றன. பத்திரமில்லாத சுவரில் எவ்வளவு செலவு செய்வது என்று எங்கள் லைனில் ஒவ்வொரு வீடும் தயங்குகிறது.

அம்மாவின் வாழ்க்கையை அன்று, இன்று என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது. கடையில் கிடைப்பதெல்லாம் வந்துவிட்டது. அவரே உழைத்தும், அப்பா உழைத்தும், பிள்ளைகள் ரயிலேறியும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தோம். அதனால் அவருடைய இடுப்பு நிமிர்ந்தது, நேரம் கிடைத்தது, காது நிறையப் பாட்டுக் கேட்டது. இவை சின்ன விஷயங்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. கடையில் கிடைக்காத மூன்று மட்டும் வரவில்லை: நம்பி எதிர்பார்க்கும் நேரத்தில் தண்ணீர், அழுக்கை எடுத்துச் செல்லும் சாக்கடை, இது உன் வீடு என்று சொல்லும் காகிதம். இந்த மூன்றையும் தவணையில் வாங்க முடியாது. ஊரும் அரசும் சேர்ந்துதான் தர முடியும். இவை இல்லாதவரை எந்த இயந்திரமும் பாதி இயந்திரம்தான்.

சுரங்கத்தின் எதிர்காலம், கழிவு மண்ணிலிருந்து மிச்சத் தங்கம் எடுப்பது, புதுத் தொழிற்பேட்டை என்று தங்கவயலைப் பற்றி அவ்வப்போது பேச்சு கிளம்புகிறது. வரட்டும், வேலை வரட்டும். ஆனால் இம்முறை வரிசை மாற வேண்டும். ஆலைக்குக் குழாய் போடும் நாளில் லைனுக்கும் குழாய் வர வேண்டும். அதற்கும் முன்னால், நூறு ஆண்டுக்கும் மேலாக இந்தச் சுரங்கத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்த குடும்பங்களுக்கு வீட்டுப் பத்திரம் கொடுங்கள். அதில் கணவன் பெயரோடு மனைவியின் பெயரையும் எழுதுங்கள்.